கேமராவா, கையால் பதிவா: கடலோரத்து பிரிட்ஜ் போட்டிக்கு எந்த நேரலை?

மண்டபத்திலோ கீழக்கரையிலோ ஒரு ஹாலைப் பிடித்து, நாலு பேர் இரண்டு ஜோடியாக ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி நடத்தினால், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மூர் ஆட்கள் "லைவ் உண்டா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். காட்டுவதற்கு மூன்று வழி இருக்கிறது.

எல்லோரும் முதலில் தாவுவது யூடியூபுக்குத்தான். மேசைக்கு மேலே ஒரு கேமரா, ஒரு லேப்டாப், வீடியோவை நேரலையாக அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள், அவ்வளவுதான். ஆனால் பிரிட்ஜ் கேரம் மாதிரி இல்லை, மேலேயிருந்து பார்த்தால் புரிந்துவிட. போட்டி ஆட்டத்தில் யாரும் சீட்டை நடுவில் வீசுவதில்லை. அவரவர் முன்னால் திறந்து காட்டி, பிடி (நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்று) முடிந்ததும் அங்கேயே கவிழ்த்துக்கொள்வார்கள். தங்கள் ஜோடிக்கு வந்த பிடி நெடுக்காக, போன பிடி குறுக்காக. திறந்திருக்கும் அந்தச் சில நொடியில் டியூப்லைட் வெளிச்சம் சீட்டில் பளபளத்தால், ஸ்பேட் ஏழா கிளாவர் ஏழா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. டம்மியை, அதாவது ஆடுபவரின் ஜோடி மேசையில் விரித்து வைக்கும் கையைத் தவிர, யார் கையில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஆடுபவர் எதற்காக யோசிக்கிறார் என்றே புரியாமல் நாலு தலையை வெறித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

இதற்கு டேட்டாவும் தீனி போல வேண்டும். விநாடிக்கு 3 மெகாபிட் என்று அனுப்பினால் மணிக்கு ஏறக்குறைய 1.3 ஜிபி போகும். யூடியூபில் முதல்முறை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போட்டியன்று காலையில் சேனலைத் திறந்தால் கதை முடிந்தது.

இரண்டாவது, பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற இணையதளத்தின் வியூகிராஃப் நேரலை. என் ஓட்டு இதற்குத்தான். மேசை ஓரத்தில் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒவ்வொரு பிட்டையும் (ஆட்டத்துக்கு முன் கேட்கும் ஏலம்) ஒவ்வொரு சீட்டையும் கையால் பதிவு செய்வார். பார்ப்பவருக்கு நாலு கையும் திறந்து தெரியும். கிழக்கில் இருப்பவர் ராஜாவை ஒளித்து வைத்திருப்பது தெரிந்தபிறகுதான் ஆடுபவரின் தயக்கமே சுவாரஸ்யமாகிறது. வர்ணனை செய்பவர்கள் எந்த ஊரிலிருந்தும் எழுதலாம். போவது எழுத்துத் தகவல் மட்டும், அதனால் போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

சிக்கல் அந்தப் பதிவாளர்தான். அவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். டம்மியிலிருந்து "சின்னது" என்று மட்டும் சொல்லி வேகமாக ஆடுவார்கள், எது சின்னது என்று அவர் கண் பார்த்திருக்க வேண்டும். பாதியில் "மீதி எல்லாம் எனக்கு" என்று சீட்டைக் காட்டிவிட்டால் எத்தனை பிடி என்பதையும் சரியாகப் போட வேண்டும். கம்ப்யூட்டரில் கலைத்த கைகளை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டால் வேலை பாதியாகும்.

தாமத விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரே போர்டை, அதாவது அதே நாலு கைகளை, இன்னொரு மேசையும் ஆடப்போகிறது. நாலு கையும் வெளியே தெரியும்போது ஒரு போன் தகவல் போதும், போட்டியே நாறிவிடும். பெரிய போட்டிகள் பலவற்றில் அரை மணி நேரம் தள்ளித்தான் காட்டுகிறார்கள். ஓபிஎஸ்ஸிலும் தாமதம் வைக்கலாம். அரை மணி நேரம் என்றால் 700 எம்பி அளவுக்கு நினைவகம் பிடிக்கும், பழைய லேப்டாப் திணறும்.

அதற்காக வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐரோப்பியப் போட்டி வீடியோக்களை உட்கார்ந்து அலசித்தான் 2015-ல் சில முன்னணி ஜோடிகளின் கள்ளச் சைகைகளைப் பிடித்தார்கள். அதே ஆண்டு சென்னையில் நடந்த பெர்முடா பவுல் என்ற உலக அணிப் போட்டியிலிருந்து சில அணிகள் விலகவும் நேர்ந்தது. எனவே நேரலைக்கு இல்லாவிட்டாலும் ஒரு கேமராவைப் பதிவுக்காக ஓடவிடலாம்.

மூன்றாவது ரியல்பிரிட்ஜ் என்ற இணையதளம். ஆடுபவர்கள் அவரவர் கருவியில் முகம் பார்த்து ஆடுவது. சீட்டு தானாகவே பதிவாகும், பதிவாளர் வேண்டாம். வெளிநாட்டு உறவுகளையும் ஆட்டத்தில் சேர்க்க இது அருமை. ஹாலில் நேருக்கு நேர் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றும். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு.

எதை எடுத்தாலும், ஐப்பசி கார்த்திகையில் வைத்தால் கரண்ட் போகும் என்றே கணக்குப் போடுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும்; மோடத்துக்குத் தனியாக ஒரு யுபிஎஸ் வாங்கி வையுங்கள். பதிவாளர் இரண்டு பேராவது மாறி மாறி உட்காரட்டும், இருவருக்கும் சாப்பாட்டோடு சம்பளமும் கொடுங்கள்.