வாக்கியமா, திருக்கணிதமா?

வண்ணாரப்பேட்டைக் கடையில் இரண்டு பஞ்சாங்கமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். திதி முடியும் நேரமோ சில நாள் மணிக்கணக்கில் விலகும். வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே பின்பற்றுகிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கால் திருத்தியது. கிரகணத்துக்கு அதுதான் சரி. 2023 சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20! திருநள்ளாறு போகிறவர்களுக்கு வாக்கியத் தேதிதான். திருவொற்றியூர் பௌர்ணமிக்குக் கோயில் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

நேரம் நாழிகையில் இருந்தால், 1 நாழிகை 24 நிமிடம். 60 விநாழிகை 1 நாழிகை. 15 நாழிகை 30 விநாழிகை என்றால் 6 மணி 12 நிமிடம். பலரும் இதைக் காலை 6 மணியோடு கூட்டிவிடுகிறார்கள். அன்றைய சூரிய உதயத்தோடுதான் கூட்ட வேண்டும். சென்னையில் ஜனவரி நடுவில் உதயம் சுமார் 6.35, அரை மணி அங்கேயே போச்சு.