அவசரமாக விற்பவரிடம் விலையைக் குறைப்பதா, கெடுவை நீட்டுவதா?

கையில் பெரிய பணமில்லாமல், அட்வான்ஸ் மட்டும் கொடுத்து அக்ரிமென்ட் போட்டு, கெடு முடிவதற்குள் வேறு ஆளுக்கு இடத்தைக் கைமாற்றிவிடும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தேடிப் போவது அவசரமாக விற்கிறவர்களைத்தான். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, கடன் நெருக்கடி என்று ஏதோ ஒன்று இருக்கும். அவர்களிடம் இரண்டு விதமாகப் பேசலாம். விலையை நன்றாக இறக்கி, 30 நாளில் கிரயம் என்று முடிப்பது ஒன்று. கேட்ட விலையை ஒட்டியே கொடுத்து, 90 நாள் கெடு வாங்குவது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். புதியவருக்கு இரண்டாவதுதான் சரி.

விலை இறங்கினால் லாபம் கூடும், அதை விளக்க வேண்டியதில்லை. மதுரைக்குப் பக்கத்தில் 8 சென்ட் இடம். சென்ட் 1,60,000 என்று சொன்னவரை 1,30,000-க்குக் கொண்டுவந்தேன். அட்வான்ஸ் 1 லட்சம், கெடு 30 நாள். பதினைந்தாம் நாளே வாங்க ஆள் வந்துவிட்டார். பட்டாவைப் பார்த்தால் அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வந்தால்தான் பணம் என்றார். சர்வேயர் வந்து அளப்பதற்குள் கெடு முடிந்தது. கூடுதல் நாள் கேட்டுப் போனபோது, "கேட்ட விலையத் தந்திருந்தா இன்னும் ஒரு மாசம் பொறுத்திருப்பேன் தம்பி" என்றார் விற்றவர். அட்வான்ஸ் போய்விட்டது. பட்டாவை முதலிலேயே பார்க்காதது என் தவறு. ஆனால் கையில் நாள் இருந்திருந்தால் அந்தத் தவறைச் சரிசெய்திருக்கலாம்.

இந்தத் தொழிலில் நம் கையில் இருப்பது இடம் இல்லை, நாள்தான். நம் பெயரில் ஒருமுறை கிரயம் செய்தால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% போய்விடும். அதனால்தான் "தங்கள் பெயருக்கோ தாங்கள் குறிப்பிடும் நபர் பெயருக்கோ" என்று அக்ரிமென்டில் எழுதி வாங்குகிறோம். அந்த நபர் வங்கிக் கடனில் வாங்குகிறவராக இருந்தால் தாய்ப்பத்திரம், வில்லங்கம், வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீடு என்று வாரங்கள் ஓடும். 30 நாள் எந்த மூலைக்கு?

அவசரக்காரர் எப்படி 90 நாள் பொறுப்பார் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த இடம் 10 சென்ட், விற்றவர் ஒரு அம்மா. விலையைப் பற்றிப் பேசாமல், "உடனடியா எவ்வளவு வேணும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு 3 லட்சம் கட்டணும், மத்ததுக்கு அவசரம் இல்ல" என்றார். அவர் சொன்ன விலை சென்ட் 1,50,000. 1,45,000-க்குப் பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 90 நாள் வாங்கினேன். வேறு ஆளுக்குத்தான் விடப்போகிறேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்தால் கிரயத்தன்று பதிவு அலுவலகத்தில் தகராறு வரும். அதைவிட, கஷ்டத்தில் இருப்பவரிடம் மறைப்பது நியாயமும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் அவர் தயங்கினார். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், நான் காலை வாரினால் வேறு யாருக்கும் விற்க முடியாதே என்பது அவர் பயம். நியாயமான பயம். கெடுவுக்குள் முடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் ரத்து ஆவணத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தேன். 74-ஆம் நாள் சென்ட் 1,60,000-க்குக் கைமாறியது. முதல் இடத்தில் கணக்குப் போட்ட லாபத்தைவிட இது குறைவு, ஆனால் கைக்கு வந்தது.

இதிலும் ஆபத்து உண்டு. அட்வான்ஸ் பெரிது. அந்த 3 லட்சத்தில் பாதி மச்சானிடம் வாங்கியது. வாங்க ஆள் வராமல் போயிருந்தால் அடி பலமாக இருந்திருக்கும். சந்தை மந்தமான நேரத்தில் இதே வழி எடுபடுமா என்பதை இரண்டு இடத்துக்கு அக்ரிமென்ட் போட்ட அனுபவத்தில் அடித்துச் சொல்ல மாட்டேன். ஃபிளாட் பக்கம் நான் போனதே இல்லை.

வங்கி நோட்டீஸ் வந்த சொத்து வேறு கதை. கடன் கட்டாதவரின் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில், பாக்கியைக் கட்ட வங்கி கொடுப்பது 60 நாள், விற்பவர் நினைத்தாலும் கெடுவை நீட்ட முடியாது. அப்படி ஒரு வீட்டுக்கு ஒருமுறை பேசப் போனேன். 41 நாள் ஓடியிருந்தது. முழுப் பணத்தோடு வாங்குகிற ஆள் என்னிடம் இல்லை, வீட்டுக்காரரிடமே அதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.