அரை ஏக்கர் பூங்கா: புல்வெளியா, மியாவாக்கியா, குளமா?

சென்னையில் பெரிய மனைப்பிரிவு போட்டாலோ அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினாலோ, பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளிக்காக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று முள்வேலிக்குள் கிடக்கும் இந்தத் துண்டுகள்தான் நம் பேட்டைகளின் நாளைய பூங்காக்கள். இவற்றை என்ன செய்யலாம் என்று கேட்டால் இப்போது மூன்று பதில்கள் வருகின்றன. வழக்கமான புல்வெளிப் பூங்கா, மியாவாக்கி குறுங்காடு, மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் ஸ்பாஞ்ச் பூங்கா. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் மற்ற இரண்டையும் சும்மா தள்ளிவிட முடியாது.

புல்வெளிப் பூங்கா நமக்குத் தெரிந்ததுதான். கொரியன் புல், சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, ஊஞ்சல், ஓப்பன் ஜிம், எட்டு வடிவத்தில் ஒரு கூழாங்கல் பாதை. இதன் பெரிய பலம், மனிதர்கள் உள்ளே வருகிறார்கள். ஒரு மூலையில் நின்றால் மறுமூலை தெரியும் என்பதால் விடியற்காலையில் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். பேரப்பிள்ளையை விளையாட விட்டுவிட்டுத் தாத்தா பெஞ்சில் உட்காரலாம். பூங்காவின் முதல் வேலையே இதுதான், இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். அதில் பாதிதான் புல் என்றாலும், மே மாத வெயிலில் சதுர மீட்டருக்கு நாலைந்து லிட்டர் வீதம் தினமும் நாலாயிரம், ஐயாயிரம் லிட்டர் போகும். 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த ஊர் இது. அதே ஊரில் டிசம்பர் வந்தால் முழங்கால் அளவு தண்ணீர். இந்த இரண்டு நிலைக்கும் புல்வெளியிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு, மரத்தைச் சுற்றிப் போடும் பேவர் பிளாக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். புங்கமரத்தின் அடியை இறுக்கிப் பிடித்தபடி சிமென்ட் வளையம்; மழைத் துளி வேருக்கு இறங்க இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது. வேர் தவித்துக் கல்லைத் தூக்கினால் கல்லைச் சரிசெய்கிறோம், வேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது இந்த ஊரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை மறக்க முடியுமா?

மியாவாக்கிக்கு வருவோம். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை இது. மண்ணை ஆழமாகத் தோண்டி உரமிட்டு, சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகளை நெருக்கி நட வேண்டும். இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிக் களை எடுத்தால், அதன்பிறகு தானாக வளரும். குப்பை கொட்டிக் கிடந்த இடம் கண்ணெதிரே பச்சைச் சுவராக மாறுவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் உண்மையானது. ஆக்கிரமிப்பையும் தடுக்கும்.

ஆனால் அந்தப் பச்சைச் சுவருக்குள் நாம் போக முடியாது. பக்கத்தில் வேறு பூங்கா இல்லாத பேட்டையில், இருக்கிற ஒரே அரை ஏக்கரையும் அடைத்துவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் தெருவுக்குத்தான் வருவார்கள். இன்னொன்றும் உண்டு. மியாவாக்கி சொன்னதன் சாரமே அந்தந்த மண்ணின் இயற்கையான காட்டைத் திரும்பக் கொண்டுவருவது. சோழமண்டலக் கரையின் காடு வானுயர்ந்த மழைக்காடு அல்ல. வீரை, உலக்கைப்பாலை, காசா போன்ற குட்டையான, இலை தடித்த மரங்களும் புதர்களும் கொண்ட உலர் பசுமைமாறாக் காடு. கிண்டி தேசியப் பூங்காவுக்குள் போனால் இதன் மிச்சத்தைப் பார்க்கலாம். அங்கே புதர்களுக்கு நடுவில் திறந்த புல்தரையும் உண்டு, அதை நம்பித்தான் வெளிமான்கள் வாழ்கின்றன. நர்சரியில் கிடைத்த கன்றுகளை நெருக்கி நட்டுவிட்டு அதைக் காடு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆற்றங்கரை, ரயில்வே காம்பவுண்டு ஓரம், மூடிய குப்பைமேடு போன்ற இடங்களில் செய்யட்டும், அங்கே அது நல்ல வழி.

சரி, ஸ்பாஞ்ச் பூங்கா. நிலத்தின் தாழ்வான மூலையில் சரிவான கரையோடு ஒரு குளம், மற்ற இடமெல்லாம் அதை நோக்கி லேசான சாய்வு. அரை ஏக்கரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். பதினைந்து மீட்டர் நீள அகலத்தில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும்படி பள்ளம் வெட்டினால் அதில் இரண்டே கால் லட்சம் லிட்டர் பிடிக்கும். கரைச் சரிவுக்கு இன்னும் சில அடி விட்டாலும் நிலத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மீதி இடத்தில் நடைபாதையும் ஊஞ்சலும் தாராளமாக வைக்கலாம். கோடையில் குளம் வற்றினால் அதுவே பிள்ளைகளுக்கு மைதானம். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-இல் அரசு எடுத்துக்கொண்டபின் அங்கே குளங்கள் வெட்டியதும் இதே கணக்கில்தான், அளவு மட்டும் பெரியது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் நீர் மளமளவென்று இறங்கிவிடும். அண்ணா நகர், விருகம்பாக்கம் களிமண்ணில் வெறும் குளம் வெட்டினால் தேங்கியே நிற்கும். களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரை போகும் உறிஞ்சு கிணறு அவசியம். வேளச்சேரி பக்கம் அடியில் பாறை, அங்கே குளத்தைத் தேக்கமாகத்தான் நினைக்க வேண்டும். அப்புறம், கொசு. மழைநீர் நாலைந்து நாளில் இறங்கிவிட்டால் கொசுப்புழு முழுதாக வளர நேரம் கிடைக்காது. உண்மையான எதிரி கழிவுநீர் இணைப்பு. பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு குழாய் திருட்டுத்தனமாக உள்ளே வந்தால் போதும், ஆறு மாதத்தில் பூங்கா சாக்கடை ஆகிவிடும், மக்களே மூடச் சொல்லி மனு கொடுப்பார்கள்.

ஆக, என் பேட்டைக்கு நான் கேட்பது குளம், அதன் கரையில் இடைவெளி விட்டுப் பூவரசு, நாவல், புங்கம், புன்னை, பிள்ளைகள் உருளும் அளவுக்கு மட்டும் புல். பின்சுவர் ஓரமாக இரண்டு மீட்டர் பட்டையில் வேண்டுமானால் குறுங்காடு. ஐந்தாறு சென்ட் துண்டு நிலமென்றால் குளமே வேண்டாம், உறிஞ்சு கிணறும் நாலு மரமும் போதும்.

வடிவமைப்பைவிடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். புல் வெட்டுவதும் பெருக்குவதும் மட்டுமே வேலை என்று இருந்தால், ஒப்பந்தக்காரர் சருகை மூட்டை கட்டி வெளியே அனுப்பிக்கொண்டே இருப்பார், குளமோ தூர்வார ஆளில்லாமல் தூர்ந்துபோகும். பகுதி சபா கூட்டத்தில் பூங்கா பேச்சு வந்தால் மூன்றைக் கேளுங்கள்: சருகு பூங்காவுக்குள்ளேயே மட்க வேண்டும், ஒவ்வொரு ஆகஸ்டிலும் குளம் தூர்வார வேண்டும், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்காவது சிமென்ட் கூடாது.