கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப் பிரச்சினை: சில வருடங்களாக யூரினரி டயட் கொடுத்த அனுபவம்

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடுவன் பூனை லிட்டர் பாக்ஸுக்குள் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை, கத்துகிறது, அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் எந்த உணவு நல்லது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நள்ளிரவானாலும் சரி. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். அது முழுசாக அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும், ஏனென்றால் வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பலர் மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள், பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் 'சூடு பிடிச்சிருக்கு, இளநீர் குடு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், இளநீரில் நிறைய இருப்பதே பொட்டாசியம்தான். மனிதர்களுக்கான வலி மாத்திரையும் வேண்டாம், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

சரி, இப்போது உணவுக்கு வருகிறேன். எங்கள் சோமு செம்பட்டை நிறக் கடுவன், கருத்தடை செய்தவன், நாலரைக் கிலோ. எங்களிடம் வரும்போதே வளர்ந்த பூனை, ட்ரை ஃபுட் மட்டும் தின்று பழகியவன், தண்ணீர்க் கிண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். சென்னையில் ஒரு மே மாதம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது அடைத்துக்கொண்டது. கத்தீட்டர், டிரிப்ஸ், ஆஸ்பத்திரியில் சில ராத்திரிகள் என்று போய் மீண்டு வந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் 'இனிமே யூரினரி டயட்தான்' என்றார். அன்றிலிருந்து இன்றுவரை, சில வருடங்களாக, அதைத்தான் விதவிதமாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதில் எது உதவியது, எது பணத்துக்குக் கேடு என்று எனக்கு இப்போது தெளிவாகவே அபிப்பிராயம் உண்டு.

யூரினரி டயட் என்று ஒரே உணவு கிடையாது, அதனால் உங்கள் பூனைக்கு என்ன பிரச்சினை என்று பெயர் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஸ்ட்ரூவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த கல், காரத்தன்மையுள்ள சிறுநீரில் உருவாகும். சிறுநீரைக் கொஞ்சம் அமிலப் பக்கம் கொண்டுபோனால், அதாவது பிஎச் 6 முதல் 6.5 வரை இருந்தால், அறுவை சிகிச்சை இல்லாமல் சாப்பாட்டாலேயே சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் கல் அப்படி இல்லை, எந்த உணவாலும் கரையாது. அதை எடுத்துவிட்டு, திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் உணவு உதவும். மூன்றாவது, கல்லும் இல்லாமல் கிருமியும் இல்லாமல் சிறுநீர்ப்பை தானாகவே வீங்கிப் புண்ணாவது. இளவயது, நடுவயதுப் பூனைகளிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான், இதில் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக ஒரு பூனைக்கு அமிலமாக்கும் உணவு மருந்து, இன்னொன்றுக்கு அதே உணவு ஆகாது. 1980களில் பூனை உணவு கம்பெனிகள் ஸ்ட்ரூவைட்டுக்குப் பயந்து மக்னீசியத்தைக் குறைத்து, அமிலத்தைக் கூட்டின. ஸ்ட்ரூவைட் குறைந்தது, ஆனால் அடுத்த வருடங்களில் ஆக்சலேட் கற்கள் மளமளவென்று கூடின. பக்கத்து வீட்டுப் பூனைக்குச் சரியானது என்பதற்காக அதே பாக்கெட்டை வாங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பரிசோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிறுநீர் சாம்பிளை ஃபிரிட்ஜில் வைத்திருந்து மறுநாள் கொண்டுபோனால் அந்தக் குளிரிலேயே படிகங்கள் உருவாகிவிடும், இல்லாத நோயை ரிப்போர்ட் காட்டும். எடுத்த அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நம்பலாம். அதனால் நாங்கள் பூனையையே கூட்டிக்கொண்டு போய்விடுவோம், அங்கேயே ஸ்கேன் பார்த்து சிறுநீர்ப்பையில் ஊசி வைத்துச் சிறுநீரை எடுத்துவிடுவார்கள். பார்க்க நமக்குப் பதறும், ஆனால் சோமு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சோமுவுக்கு வந்தது ஸ்ட்ரூவைட். இங்கே டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தருபவை ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, ஹில்ஸ் சி/டி மல்டிகேர், ஃபார்மினா வெட் லைஃப் ஸ்ட்ரூவைட், இவைதான். கடையில் பெயர் பார்த்து ஏமாந்துவிட வாய்ப்பு நிறைய. அதே கம்பெனிகள் யாரும் வாங்கக்கூடிய சாதாரண வரிசையிலும் 'யூரினரி' என்று போட்டு விற்கின்றன, அது ஆரோக்கியமான பூனைக்கானது, கல்லைக் கரைக்கத் தயாரித்தது அல்ல. ஃபார்மினாவிலேயே ஸ்ட்ரூவைட் என்பது கரைப்பதற்கு, ஸ்ட்ரூவைட் மேனேஜ்மென்ட் என்பது அதற்கப்புறம் தொடர்வதற்கு. டாக்டர் எழுதின முழுப் பெயரையும் பாக்கெட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள். இன்னொன்று, எஸ்/ஓ மாதிரி சில உணவுகளில் பூனை அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகவே சோடியத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார்கள். சிறுநீரகமோ இதயமோ பலவீனமான பூனைக்கு அது ஒத்துவராது, அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். இவற்றோடு சேர்த்து, சிறுநீரை அமிலமாக்கும் மாத்திரையோ பொடியோ தனியாகக் கொடுக்கவும் கூடாது.

இத்தனை பெயர் சொன்னாலும், வருடக்கணக்கில் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். எந்த பிராண்ட் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்பது பெரிது. பூனை பாலைவனத்துக் காட்டுப்பூனை வழி வந்த ஜீவன், எலியையும் பறவையையும் தின்று அந்த மாமிசத்தில் இருக்கும் ஈரத்திலேயே காலம் தள்ளியது. தாகம் அதற்குச் சீக்கிரம் எடுக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பூனைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு சுமார் 50 மில்லி தண்ணீர், சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து, தேவை. நாலரைக் கிலோவுக்கு 225 மில்லி. ட்ரை ஃபுட் 60 கிராம் தின்றால் அதில் கிடைப்பது 5 மில்லி அளவுதான். 85 கிராம் வெட் ஃபுட் (ஈர உணவு) பவுச் ஒன்றில் ஏறக்குறைய 65, 70 மில்லி தண்ணீர் இருக்கிறது. ட்ரை தின்னும் பூனை மீதியை எல்லாம் கிண்ணத்தில் குடித்தாக வேண்டும், நம் பூனைகள் குடிக்காது. சிறுநீர் கெட்டியாகிக்கொண்டே போகும். ஸ்ட்ரூவைட், ஆக்சலேட், வீக்கம், மூன்றுக்கும் பொதுவான வைத்தியம் சிறுநீர் நீர்த்துப்போவதுதான்.

அதனால் எங்கள் வீட்டில் நடப்பது இது. காலையில் ஒரு பவுச், ராத்திரி ஒரு பவுச், இரண்டுமே யூரினரி வெட் ஃபுட். ஒரு டம்ளர் வெந்நீரில் பவுச்சைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, கைக்கு இதமான சூடு வந்ததும் தட்டில் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் துண்டுகளை நசுக்கிக் கலக்குவேன். சூடு பட்டால் வாசனை எழும்பும், அது இல்லாவிட்டால் மோந்துவிட்டுப் போய்விடுவான். நசுக்காமல் வைத்தால் கிரேவியை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை வரிசையாக ஓரத்தில் ஒதுக்குவான். மத்தியானத்துக்கு அதே வகை ட்ரை ஃபுட் ஒரு சின்னக் கைப்பிடி, அதிலும் தண்ணீர் தெளித்து. முழுக்க வெட் ஃபுட் கொடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதன் செலவு ட்ரையைப்போலப் பல மடங்கு, மாதாமாதம் தாங்காது. செலவைக் குறைக்க சாதாரண பவுச்சை நடுவில் சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்லைக் கரைக்கும் காலத்தில் கூடவே கூடாது, ஒரு துண்டு பிஸ்கட்கூட. மருந்து உணவின் கணக்கே அதைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை என்பதை வைத்துத்தான். அந்தக் காலம் தாண்டினபின் டாக்டர் அளவு சொன்னால் சேர்க்கலாம்.

வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க லிட்டர் பாக்ஸ் போதும். கட்டியாகும் மண் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் சிறுநீர் ஒரு உருண்டையாகத் திரண்டிருக்கும். முன்பு கோலிக்குண்டு அளவில் சின்னச் சின்னதாக, கடும் நெடியோடு கிடக்கும். இப்போது நல்ல எலுமிச்சை அளவில் இரண்டோ மூன்றோ, நெடியும் குறைவு. லேபில் பார்த்தாலும் அதேதான், சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.050க்கு மேல் இருந்தது 1.035க்குக் கீழே வந்துவிட்டது. திடீரென்று உருண்டைகள் சின்னதாகி எண்ணிக்கை கூடினால் நான் அடுத்த நாளுக்குக் காத்திருப்பதில்லை.

உணவை மாற்றும்போது பொறுமை வேண்டும். பழையதில் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். 'பசிச்சா தானா தின்னும்' என்று பட்டினி போடவே கூடாது, பூனை, அதுவும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி ஆபத்தாகிவிடும். சோமு முதலில் கொடுத்த ஒரு உணவைத் தொடவே இல்லை, இரண்டாவதைத் தின்றான். ருசி விஷயத்தில் பூனைக்குப் பூனை மாறும் என்பதால் அது என்ன என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை, முதலில் பெரிய பை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எங்கள் வீட்டிலேயே பெரிய விவாதம். அம்மாவுக்கு இன்னமும் மனசு கேட்காது, 'பாவம்டா, ரெண்டு மீனாவது போடு' என்பார். எனக்கும் ஆசைதான், ஆனால் வெறும் சிக்கனோ மீனோ முழுமையான சாப்பாடு ஆகாது. கால்சியமும் பாஸ்பரஸும் அளவு தவறிப்போகும், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடும், அது குறைந்தால் இதயம் பலவீனமாகும். தயிர் சாதமும் பால் சாதமும் கொடுத்து வளர்க்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. மாமிசம் குறைந்து தாவர உணவு கூடினால் பூனையின் சிறுநீர் காரத்தன்மை அடையும், ஸ்ட்ரூவைட்டுக்கு அதுதான் வேண்டும். கருவாட்டில் உப்பும் தாதுக்களும் அதிகம், குழம்பு மீனில் வெங்காயம் பூண்டு சேர்ந்திருக்கும், அந்த வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வாழைத்தண்டு சாறு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மனிதருக்கு நாம் பழக்கமாகக் கொடுப்பதைப் பூனையின் வாயைப் பிடித்து ஊற்ற வேண்டாம், அந்தப் பயமே சிறுநீர்ப்பை வீக்கத்தைக் கிளப்பிவிடும். நாங்கள் அனுமதித்திருப்பது ஒன்றே ஒன்று: உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் சிக்கன் வேகவைத்த தண்ணீர், ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தினம் ஒரு கட்டி. கிண்ணத்துத் தண்ணீரில் அதைப் போட்டால் குடிக்கிறான். அம்மாவுக்கும் தன் கையால் ஏதோ கொடுத்த நிம்மதி.

கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, மீசை இடிக்காத அகலத்தில், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். போர் தண்ணீரால்தான் கல் வருகிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் சாப்பாட்டில் போகும் தாதுக்களோடு பார்த்தால் தண்ணீரில் இருப்பது கொஞ்சம்தான். கேன் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, எதை விரும்பிக் குடிக்கிறதோ அதைக் கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பூனை இருந்தால் லிட்டர் பாக்ஸும் தட்டும் தனித்தனியாக வேண்டும், பயந்து அடக்கிக்கொள்ளும் பூனைக்கு எந்த டயட்டும் போதாது. எடையும் கவனிக்க வேண்டும், கருத்தடை செய்த குண்டுக் கடுவனுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனையும், வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரேயும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கிறோம். அமில உணவு வருடக்கணக்கில் போகும்போது ஆக்சலேட் எட்டிப்பார்க்கிறதா என்று தெரிய வேண்டுமே. அவசரம் இல்லாத பரிசோதனைகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை செலவு குறைந்த வழி, காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும், பூனையைக் கூடையில் துணி போர்த்திக் கொண்டுபோங்கள், சுற்றிலும் நாய்கள் குரைக்கும். சோமுவுக்கு வயது ஏறுகிறது, அடுத்த முறை கிரியேட்டினின் கூடியிருந்தால் இந்த உணவை விட்டு சிறுநீரகத்துக்கான உணவுக்குப் போக வேண்டியிருக்கும் என்று டாக்டர் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். பவுச்சில் தண்ணீர் கலப்பது மட்டும் அப்போதும் மாறாது.