'மூலிகை' என்று சொல்லி என் குழந்தையின் முகத்தில் ஸ்டீராய்டு தடவ வைத்தார்கள்

கைக்குழந்தைக்குக் கரப்பான் வந்து, ராத்திரியெல்லாம் சொறிந்து அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் விற்கும் மூலிகை கிரீம் எதையாவது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கித் தடவிக்கொண்டிருந்தால் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

என் மகளுக்கு இரண்டு கன்னமும் சிவந்து, தோல் சொரசொரவென்று ஆகி, அங்கங்கே நீர் கசிந்தது. எக்ஸிமா, அதாவது கரப்பான் என்றார் குழந்தை மருத்துவர். வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசச் சொல்லி, ரொம்பச் சிவந்த இடத்துக்கு மட்டும் வீரியம் குறைந்த களிம்பு ஒன்று கொடுத்தார். குறைந்தது, திரும்பவும் வந்தது. எக்ஸிமா அப்படித்தான், வருவதும் போவதுமாக இருக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தாய்மார்கள் குழு ஒன்றில் ஒரு மூலிகை கிரீமைப் பற்றிய பதிவு வந்தது. ஸ்டீராய்டு (தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) கிடையாது, ரசாயனம் கிடையாது, பிறந்த குழந்தைக்கும் தடவலாம் என்று போட்டு, கீழே வரிசையாகக் குழந்தைகளின் படங்கள். விற்பவரிடம் நான் நேராகவே கேட்டேன், இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று. "சத்தியமா இல்ல சிஸ்டர், என் பிள்ளைக்கே இதைத்தான் தடவுறேன்" என்று குரல்பதிவு அனுப்பினார். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

தடவிய மறுநாளே சிவப்பு பாதி அடங்கிவிட்டது. சில நாளில் கன்னம் பட்டுப்போல ஆகிவிட்டது. சரி, குணமாகிவிட்டது என்று நிறுத்தினேன். உடனே நெற்றி, கழுத்து என்று முன்பு இல்லாத இடத்திலெல்லாம் தடித்துக் கிளம்பியது. விற்றவரிடம் சொன்னால், "உள்ளே இருக்கிற நஞ்சு வெளியே வருது, பயப்படாதீங்க, ரெண்டு வேளையும் தடவுங்க" என்றார். தடவினால் அடங்கும், விட்டால் பொங்கும். இப்படியே டப்பா மேல் டப்பாவாக வாங்க வைத்தார். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மருந்தை நிறுத்தியதால் வந்த பாதிப்பையே காரணம் காட்டி அதே மருந்தை மறுபடி விற்றிருக்கிறார்.

கொஞ்ச நாளில் கன்னத்துத் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சிவப்பு நூல் நூலாகத் தெரிந்தன. நெற்றியோரம் பூனைமுடி அடர்த்தியாக வளர்ந்தது. முகம் மட்டும் உப்பிக்கொண்டே போனது. தோல் மருத்துவர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "என்ன தடவுறீங்கம்மா? டப்பா கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். வெள்ளைவெளேரென்று, வழுவழுவென்று, வாசனையே இல்லாத கிரீம். இத்தனை மூலிகை சேர்ந்திருந்தால் கொஞ்சமாவது பச்சையோ பழுப்போ தட்டாதா, ஒரு வாடை வராதா என்றார். லேபிளில் இலைப் படம் இருந்தது. என்னென்ன சேர்த்திருக்கிறது, எங்கே தயாரித்தது, எப்போது காலாவதியாகும், எந்தத் தொகுப்பு எண் என்று ஒன்றுமே இல்லை. அப்புறம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்து டப்பாவையும் ஒப்படைத்தோம். பரிசோதனையில் குளோபெட்டசால் புரோப்பியோனேட் இருப்பது உறுதியானது.

தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான பிரிவைச் சேர்ந்தது இது. பெரியவர்களுக்கே தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது என்பார்கள். 12 வயதுக்குக் கீழ் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்காவில் மருந்தின் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. குழந்தையின் தோல் மெல்லியது, எடையோடு பார்த்தால் தோலின் பரப்பும் அதிகம், அதனால் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும். டயப்பருக்குள் பூசினால் இன்னும் மோசம், மூடிய இடத்தில் உறிஞ்சுதல் கூடும். அப்படி உள்ளே போகப் போக, உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் என்ற அத்தியாவசிய ஹார்மோன் குறைந்துவிடும். என் மகளுக்கு அதற்காகவே காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் எக்ஸிமாவுக்குப் பெற்றோர் பயன்படுத்திய 24 மூலிகைக் கிரீம்களைச் சோதித்ததில் 20இல் ஸ்டீராய்டு இருந்தது. 2021 ஜனவரியில் சீனாவில் ஒரு குழந்தையின் முகம் ஊதிப்போய்ப் பெரிய செய்தியானது. அந்தக் குழந்தைக்குத் தடவிய கிரீமிலும் இதே குளோபெட்டசால்தான்.

இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு ஏற்ற வீரியத்தில், எந்த இடத்துக்கு, எத்தனை நாள் என்று கணக்காகத் தருவது பாதுகாப்பானது. என் மகளைச் சரிசெய்ததும் அப்படி ஒரு களிம்புதான். வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கூடவே வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளியல், சோப்புக்குப் பதில் வாசனையில்லாத மென்மையான கிளென்சர், ஈரத்தை ஒற்றியெடுத்த கையோடு மாய்ஸ்சரைசர். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது, அதனால் எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு வறட்சி கூடும். இன்னொன்று, லேபிளில் இருக்கும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை வர வாய்ப்பு குறைவு) என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவில்கூட அதற்குச் சட்டப்படி வரையறை கிடையாது.

இப்படி ஒரு கிரீமைத் தடவிக்கொண்டிருப்பவர்களுக்கு: பல வாரமாகத் தடவியிருந்தால் பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குத்தான். டப்பாவைக் கழுவிவிடாதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் கொஞ்சமே பரிசோதனைக்கு உதவும். விற்றவரோடு பேசியதையெல்லாம் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். நான் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்ன அன்றே எல்லாப் பதிவையும் அழித்துவிட்டு என்னைத் தடை செய்துவிட்டார்.