நாலுல மட்டும் ஓடுன ஏசி ப்ளோயரும் தாம்பரத்து எலக்ட்ரீஷியன் கடையும்

மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒண்ணு ஏன் போச்சுன்னு கடைசில வருது.

வண்டி எட்டு வருஷ பழசு, சின்ன கார், மேனுவல் ஏசி, ப்ளோயருக்கு, அதாவது காத்து ஊதற விசிறிக்கு, 1லேர்ந்து 4 வரைக்கும் திருகற நாப். ஏப்ரல் ஆரம்பத்துல ஒரு நாள் வேளச்சேரி விஜயநகர் சிக்னல்ல நிக்கறேன், 2ல காத்து வரல, 1ல வரல, 3லயும் வரல, 4ல வெச்சா மட்டும் புயலடிச்ச மாதிரி அடிக்குது. பின்னாடி உக்காந்திருந்த எங்கம்மா போட்டா காது அடைக்குதுங்கறாங்க, அணைச்சா வேர்க்குதுங்கறாங்க, அப்படியே வீடு வந்து சேந்தோம்.

வீட்டுப் பக்கத்துல ஒரு ஏசி கடையில காட்டுனேன். ப்ளோயர் ஸ்பீடைக் கொறைக்கற ரெசிஸ்டர் போயிடுச்சுன்னு அரை மணி நேரத்துல மாத்திக் குடுத்து 1,400 வாங்கிட்டாங்க. நல்லாத்தான் ஓடுச்சு, ஆறே வாரம். மே மாசம் கத்திரி வெயில்ல திரும்பவும் அதே கதை, இந்த தடவை கூடவே லேசா பிளாஸ்டிக் கருகற வாசனை வேற. அந்த வாசனைக்குத்தான் பயந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பேர் வேணாம். அங்க ஒருத்தர் நாப்பைக் கூட தொட்டுப் பாக்கல, டேஷ்போர்டு இறக்கணும், கூலிங் காயில் க்ளீன் பண்ணணும், கேஸ் போடணும், ப்ளோயர் ஃபுல் செட்டா மாத்தணும்னு 14,000க்கு எஸ்டிமேட் போட்டுட்டாரு. வண்டி ஓட்டிட்டு வந்தது நான், கேள்வி கேட்டது நான், பதில் மட்டும் பூரா பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரரைப் பாத்தே சொல்லிட்டிருந்தாரு. அவருக்கு பானெட் எந்தப் பக்கம் தொறக்கும்னே தெரியாது பாவம். நாலுல காத்தும் வருது, கூலிங்கும் இருக்கு, அப்புறம் கேஸ் எதுக்குன்னு கேட்டேன், பாத்துட்டு சொல்றோம் மேடம்னாரு. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

ஆஃபீஸ்ல ஒரு அண்ணன் சொல்லித்தான் கிழக்கு தாம்பரத்துல இந்தக் கடைக்கு வந்தேன். கடைன்னு சொல்றதே ஜாஸ்தி. ஒரு தகர ஷெட், ரெண்டு கார் நிக்கற எடம், செவுரு பூரா வயர் கட்டு. பெரியவர் ஒருத்தர், உதவிக்கு ஒரு தம்பி, அவ்ளோதான். பெரியவர் நேரா டிரைவர் சீட்ல உக்காந்து நாப்பை 1, 2, 3, 4ன்னு திருகிப் பாத்தாரு. 4ல வெச்சுட்டு கண்ண மூடிக்கிட்டு கேட்டாரு. "4ல ஓடுதுன்னா ஃப்யூஸ் ரிலே எல்லாம் நல்லா இருக்கும்மா, அத யாராவது மாத்தணும்னா விடாத. ஆனா மோட்டரு அழுவுது பாரு." எனக்கு ஒண்ணும் கேக்கல, ஏசி சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் 4லேர்ந்து ஆஃப் பண்ணிட்டு கேளுன்னாரு, நல்ல விசிறின்னா சும்மா சுத்திக்கிட்டே மெதுவா நிக்கணுமாம், இது கிர்ர்னு ஒரு சத்தத்தோட டக்குனு நின்னுச்சு. அப்பதான் புரிஞ்சுது.

தம்பி க்ளவ் பாக்ஸைக் கழட்டுனான். டேஷ்போர்டு இறக்கல, கவனிங்க, வெறும் க்ளவ் பாக்ஸ்! இடது பக்க சீட்டுக்கு முன்னாடி கால் வெக்கற எடத்துக்கு மேல மோட்டர் தெரியுது, கொஞ்சம் தள்ளி ரெசிஸ்டர். அதோட கப்ளரை, அதாவது வயர் வந்து சொருகற கனெக்டரை, உருவுனா உள்ள ரெண்டு பின் கருப்பா, சுத்தி பிளாஸ்டிக் உருகி இருந்துச்சு. ரெசிஸ்டர்ல மல்டிமீட்டர் வெச்சுப் பாத்து, உள்ள இருக்கற, சூடு ஏறுனா அறுந்துடற குட்டி தெர்மல் ஃப்யூஸ் அறுந்துருக்குன்னு காமிச்சாரு. ஆறு வாரம் முன்னாடி போட்ட புது ரெசிஸ்டர் அது.

"இதயே திரும்ப மாத்திக் குடுத்தா 700 ரூபாயோட நீ கெளம்பிடுவ, அடுத்த மாசம் திரும்ப வருவ." இப்படி ஒரு கடைக்காரர் சொல்லி நான் கேட்டதே இல்ல.

அவர் வெளக்குன விதம் எனக்கு ரொம்ப புடிச்சுது, அதனால அப்படியே எழுதறேன். அந்தக் காலத்து சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கா, செவுத்துல பெரிய டப்பா, தொட்டா சுடும்ல, அதேதான் இதுவும். 1, 2, 3ல வெச்சா கரண்டு ரெசிஸ்டர் காயில் வழியா போகுது, கொஞ்சம் சூடா வீணாகி மிச்சம் மோட்டருக்குப் போகுது, அதான் ஸ்பீடு கொறையுது. 4ல ரெசிஸ்டரே கெடையாது, நேரா போயிடும். அதனாலதான் ரெசிஸ்டர் செத்தாலும் 4 மட்டும் ஓடுது. அந்த சூட்டை ஆத்தறது யாருன்னா ப்ளோயர் காத்தேதான், அதுக்குத்தான் ரெசிஸ்டரை காத்து போற வழியிலயே சொருகி வெச்சிருக்கான். இப்ப மோட்டர் தண்டு சுத்தற புஷ் காஞ்சு டைட்டாச்சுன்னா கரண்டு அதிகமா இழுக்கும், சூடு ஏறும், ஏசி ஃபில்டரும் அடைச்சிருந்தா ஆத்தற காத்தும் இருக்காது. அப்புறம் எத்தன ரெசிஸ்டர் போட்டாலும் எரியத்தான் செய்யும்.

சொன்னதோட விடல, வயர்ல கரண்டு அளக்கற க்ளாம்ப் மீட்டரை மாட்டி 4ல போட்டுக் காமிச்சாரு, 23 ஆம்பியர். இந்த சைஸ் மோட்டர் 15 பக்கம்தான் இழுக்கணுமாம். ஃப்யூஸ் 30 ஆம்பியர்ங்கறதால அது பாட்டுக்கு சும்மா இருந்திருக்கு, நடுவுல கப்ளர் வெந்துட்டிருந்திருக்கு. அந்த கருகற வாசனை அதுதான்.

மோட்டரை மூணு ஸ்க்ரூ கழட்டி கீழ எறக்குனாங்க. விசிறிக் கூட்டுக்குள்ள ஒரு கைப்பிடி வேப்பிலை. எங்க தெருவுல வேப்ப மரத்தடியிலதான் வண்டி நிக்கும், வைப்பருக்குக் கீழ இருக்கற ஜாலி வழியா உள்ள போயிருக்கு. ஏசி ஃபில்டர் எப்ப மாத்துனேன்னு கேட்டாரு, நான் தம்பியைப் பாத்தேன், தம்பி என்னைப் பாத்தான். அத வெளியில எடுத்தப்போ வந்த தூசியை இங்க வர்ணிக்க விரும்பல.

மோட்டர் கார்பனும் தேஞ்சு கெடந்துச்சு. மிக்ஸில கார்பன் தேஞ்சா பொறி பறக்கும்ல, அதே சமாச்சாரம். மூணு வழி சொன்னாரு: கார்பனும் புஷ்ஷும் மாத்தலாம், ஆனா எத்தன நாள் வரும்னு கேரண்டி தர மாட்டேன், புதுப்பேட்டைல பழைய மோட்டர் கெடைக்கும், அது உன் லக்கு, இல்ல ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல சொன்னா புதுசு நாளைக்கு வந்துரும். மூணுக்கும் வெல சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அவசரப்படுத்தவே இல்ல. நான் புதுசே போடச் சொன்னேன்.

மறுநாள் மதியம் முடிஞ்சுது. புது மோட்டர் 2,900, ரெசிஸ்டர் 700, கப்ளரும் வயரும் 250, ஃபில்டர் 350, கூலி 800, ஆக மொத்தம் 5,000. 14,000 எங்க 5,000 எங்க. கப்ளர் வேலையைத்தான் குறிப்பா சொல்லணும், வயரை முறுக்கி டேப் சுத்தற வேலை இல்ல, வெந்த வயரை வெட்டிட்டு கொஞ்சம் தடிமனான வயர் போட்டு சால்டர் பண்ணி மேல ஸ்லீவ் ஏத்திருக்காரு. கடைசில திரும்ப மீட்டர் மாட்டி 14 காமிக்கற வரைக்கும் என்னை விடல. பழைய மோட்டரையும் ரெசிஸ்டரையும் ஒரு கவர்ல போட்டு கையில குடுத்துட்டாரு, கேக்காமலேயே.

இப்ப அந்த ஒரு ஸ்டார். உக்கார எடம் கெடையாது, வெயில்ல மூணு மணி நேரம் நின்னேன், எதுத்தாப்ல டீக்கடை பெஞ்சுதான் கதி. ஃபோன் எடுக்கவே மாட்டாரு. பில்லு ஒரு காலண்டர் தாள் பின்னாடி பேனால எழுதுனது, மோட்டருக்கு ஆறு மாசம் வாரண்டின்னு வாயால சொன்னதுதான். அப்புறம் தம்பி க்ளவ் பாக்ஸ் ஸ்டாப்பரை ஒடச்சுட்டான், இப்ப தொறந்தா தொம்னு பக்கத்துல இருக்கறவங்க முட்டில விழுது. ஒடஞ்சத அவனே வந்து சொன்னான் "அக்கா சாரி"ன்னு, அதனால பெருசா கோவம் வரல, ஆனா ஒடஞ்சது ஒடஞ்சதுதான்.

ஆட்டோமேட்டிக் க்ளைமேட் வண்டி வெச்சிருக்கறவங்க கவனிங்க, அதுல நிறைய வண்டில இந்த மாதிரி ரெசிஸ்டர் இருக்காது, எலக்ட்ரானிக் மாட்யூல்தான், வெலயும் ஜாஸ்தி, அறிகுறியும் வேற மாதிரி இருக்கும். அத இவர் பாப்பாரான்னு போய் கேட்டுக்கோங்க. காலைல ஒம்பதரைக்கே போயிடுங்க, ரெண்டு வண்டிக்கு மேல எடம் இல்ல. ஞாயித்துக்கெழம லீவு.

வேலை முடிஞ்சு ஒரு மாசம் ஆகுது, அம்மா 2ல வெச்சுட்டு பின்னாடி குறட்டை விட்டுட்டு வர்றாங்க. ஸ்டாப்பர் வாங்கி வெக்கறேன்னு பெரியவர் சொல்லிருக்காரு, வந்துச்சான்னு கேக்க மூணு தடவை கூப்ட்டாச்சு, எடுக்கல, சனிக்கெழம நேர்லயே போகணும்.