கோயில்காட்டுக்கு எது காவல்: ஊர்க்கட்டுப்பாடா, அரசு அறிவிப்பா?

சாமிக்கென ஊர் வெட்டாமல் விட்டுவைத்த கோயில்காட்டை வழக்கப்படியே விட்டுவிடுவதா, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிர்வளத்துக்காகச் சட்டப்படி காக்கப்படும் இடமாக, அரசு அறிவிக்கக் கோருவதா என்ற தயக்கம் பல ஊர்களில் உண்டு.

செலவு: ஊர்க்கட்டுப்பாட்டுக்குச் செலவில்லை. அறிவிப்புக்குப் பணத்தைவிட ஆவணம் திரட்டும் பொறுமையே தேவை.

எளிமை: சாமி குத்தத்துக்கு அஞ்சிச் சுள்ளிகூடப் பொறுக்காத ஊருக்குக் காவலாளி வேண்டியதில்லை. அறிவிப்போ, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு செய்வது.

நீடிப்பு: வேறுபாடு இங்குதான் பெரிது. நன்னாரி வேரையும் சிறுகுறிஞ்சான் இலையையும் மூட்டையாக அள்ளிச் செல்லும் வெளியூர் வணிகருக்கோ, சாலை விரிவாக்கத் திட்டத்துக்கோ சாமி குத்த அச்சம் கிடையாது; அங்கே அறிவிப்பே துணை. திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டி வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவானதாயினும் 2025இல் இத்தகுதியைப் பெற்றது.

நெருக்கடி இல்லாத, வழிபாடு குன்றாத ஊருக்கு வழக்கமே போதும். குவாரியோ சாலையோ நெருங்கும் காட்டுக்கு அறிவிப்பையே பரிந்துரைப்பேன். ஆயினும், இளையோர் எட்டிப் பார்க்காத காட்டில் சீமைக்கருவேலம் பரவுவதை அரசாணை மட்டும் தடுத்துவிடாது.